கோரம்

நிர்வாகக் கட்டிடத்தில் அவளுக்கு 'மறுப்பு மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் லிஃப்டுக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நிற்பதும், ஃபைல் தூக்கிக்கொண்டு போகிற ஊழியர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வணக்கம் வைப்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். அதுதான் கொடுமை.

வரலாற்றுத் துறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளை ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு ஆட்சிக்குழுவுக்கு அனுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. ஆட்சிக்குழு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலையெழுத்தை எழுதுகிற இடம். கட்டணம் எவ்வளவு, எந்தத் துறைக்கு ஆள் எடுப்பது, எந்தக் கட்டிடத்தை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகும். மொத்தம் பதினொரு உறுப்பினர்கள். அதில் ஓட்டு வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் நியமனம். யாரோ யாரையோ பிடித்து, யாரோ யாருக்கோ தலையசைத்து வந்து உட்கார்ந்தவர்கள்.

அவள் கூட்டத்துக்குக் கூட்டம் மறுத்தாள். கட்டணத்தை ஏற்றியபோது மறுத்தாள். காவல் வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டபோது மறுத்தாள். மாணவர் மருத்துவமனையைப் பூட்டி, அந்த இடத்தில் விருந்தினர் மாளிகை கட்டப் போகிறோம் என்றபோது மேசையைத் தட்டி மறுத்தாள். மறுப்பதோடு விடமாட்டாள். வீட்டுக்குப் போய் மறுப்புக் குறிப்பு எழுதுவாள். பக்கம் பக்கமாக, அடிக்குறிப்போடு. கடைசியில் கூட்ட அறிக்கை அச்சாகி வரும்போது அத்தனையும் சுருங்கி ஒரே வரியாக நிற்கும்: 'உறுப்பினர் ஒருவர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார்.' அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். ஆனாலும் அது பதிவாகிவிட்டது அல்லவா என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

பதிவாளருக்கு அவள்மேல் தனி மரியாதை. கூட்டத்துக்கு முந்தின நாள் தவறாமல் கூப்பிடுவார். "மேடம், நாளைக்குக் கூட்டம். கார் அனுப்பிடட்டுமா?" என்பார். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். வரமுடியாது என்று சொன்னாள். மனிதர் பதறிப்போய்விட்டார். மாத்திரை, தெர்மாஸில் வெந்நீர், பின்சீட்டில் தலையணை சகிதம் காரை வாசலுக்கே அனுப்பினார். கூட்டத்தில் அவ்வளவு திட்டியும் இந்த மனுஷனுக்கு நம்மேல் வருத்தமே இல்லையே என்று அவள் நெகிழ்ந்துபோய், காய்ச்சலோடு போய் உட்கார்ந்து, கம்மின குரலில் மறுத்துவிட்டு வந்தாள்.

இந்த முறை நிகழ்ச்சிநிரல் கூட்டத்தன்று காலையில்தான் வந்தது. அதில் ஒன்பதாவது பொருளைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. 'மாலைநேரக் கல்லூரியைப் பிரதான வளாகத்துடன் ஒருங்கிணைத்தல். அதனால் காலியாகும் கட்டிடத்தை வள மேம்பாட்டுக்குப் பயன்படுத்துதல்.'

தங்கை அப்போது ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாடியில் அக்கா குடும்பம், கீழே தங்கை குடும்பம். காலை டீ மட்டும் இருவரும் கீழ்வீட்டு அடுப்படியில் நின்றபடியே சேர்ந்து குடிப்பார்கள். அக்கா அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

"ஒருங்கிணைத்தல்னா?" என்றாள் தங்கை.

"மூடறது."

"வள மேம்பாடுன்னா?"

"வாடகைக்கு விடறது."

"அத அப்படியே எழுதினா என்ன, கை சுளுக்கிக்குமா?"

தங்கை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ரொம்ப நேரம் கழுவினாள். அந்த மாலைநேரக் கல்லூரியில்தான் அவள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பகல் முழுக்க வேலை பார்க்கிறவர்களுக்காக எப்போதோ ஒரு நல்ல மனசு வந்து தொடங்கின கல்லூரி அது. துணிக்கடையில் நிற்கிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், நர்ஸுகள், கூரியர் கொடுக்கிறவர்கள் எல்லாம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து படித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வகுப்புகளைப் பிரதான வளாகத்துக்கு மாற்றினால் அவை பகலில்தான் நடக்கும். பகலில் வரமுடிந்தால் அவர்கள் ஏன் மாலைநேரக் கல்லூரிக்கு வருகிறார்கள்?

தங்கைக்கு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, ஸ்ட்ரெச்சர் தள்ளி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பட்டம் இருந்தால் ரெக்கார்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றித் தருவதாகத் தலைமை நர்ஸ் வாக்குக் கொடுத்திருந்தார். இன்னும் ஒரு வருஷம்தான். அந்த ஒரு வருஷத்தைத்தான் இன்றைக்கு மேசையில் வைத்து வெட்டப்போகிறார்கள்.

"நான் சும்மா விடமாட்டேன். மறுப்பேன்," என்றாள் அக்கா.

"மறுத்து மறுத்து என்னக்கா ஆச்சு? உன்ன அங்க ஒப்புக்குச் சப்பாணியா உக்கார வெச்சிருக்காங்க. நீ அது தெரியாம விடிய விடிய எழுதிட்டிருக்க."

"பதிவுன்னு ஒண்ணு வேணும்டி. நாளைக்கு யாராவது எடுத்துப் படிப்பாங்க."

"நாளைக்குப் படிக்கிறவங்க படிக்கட்டும். நான் இன்னிக்குப் படிக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தங்கை பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கோபத்தோடுதான் அவள் மத்தியானம் காரில் ஏறினாள்.

ஆட்சிக்குழுக் கூட்ட அறையில் எப்போதும் எலும்பை நடுக்குகிற குளிர். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். குளிர் தாங்காமல் எல்லோரும் சீக்கிரம் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். சுவரில் பழைய துணைவேந்தர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மேசையின் தலைமாட்டில் இப்போதைய துணைவேந்தர். மென்மையான குரல், இஸ்திரி கலையாத சட்டை. அவருக்கு இடதுபுறம் ஒரு டீன், வலதுபுறம் ஒரு டீன். இடதுடீன் தலையாட்டினால் வலதுடீன் 'ஆமாம்' என்பார். வலதுடீன் தலையாட்டினால் இடதுடீன் 'ரொம்பச் சரி' என்பார். அடுத்து ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர். கூட்டம் தொடங்கும்போது கண்ணை மூடி, டீ வரும்போது திறப்பார். அவருக்குக் கொட்டாவி டாக்டர் என்று பெயர். அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி முதல்வர். தன் கல்லூரி பற்றிய பொருள் வந்தால் தவிர வாயைத் திறக்கமாட்டார். எதிரே அவள். மற்ற நாற்காலிகள் காலி. அரசுச் செயலாளர்கள் வருவதே இல்லை. வந்தால் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் பிறகு யாராவது கேள்வி கேட்பார்கள். ஒரு தொழிலதிபர் வெளிநாட்டிலேயே இருந்தார். ஒருவர் இறந்து வெகுநாள் ஆகியும் அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை.

துணைவேந்தருக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருளைப் படித்துவிட்டு, மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, "விவாதிச்சாச்சுன்னு எடுத்துக்கலாமா?" என்பார். யாரும் விவாதித்திருக்கமாட்டார்கள். இரண்டு டீன்களும் தலையாட்டுவார்கள். அதோடு அந்தப் பொருள் விவாதிக்கப்பட்டு, ஏற்கப்பட்டு, வரலாறாகிவிடும். அன்றைக்கும் எட்டுப் பொருள்கள் அப்படியே வழுக்கிக்கொண்டு போயின.

"ஒன்பது," என்றார் துணைவேந்தர். "மாலைநேரக் கல்லூரி. ரொம்ப நாளா யோசிச்ச விஷயம். மாணவர் நலனுக்காகத்தான். விவாதிச்சாச்சுன்னு எடுத்துக்கலாமா?"

"விவாதிக்கல," என்றாள் அவள். "சார், அந்தக் கட்டிடத்த யாருக்குக் குடுக்கப் போறோம்? குறிப்புல ஒரு பயிற்சி நிறுவனம்னு மட்டும் இருக்கு. அது யாரோட நிறுவனம்னு இல்லையே."

"அது நமக்கு சம்பந்தம் இல்லாத விஷயம்."

"சம்பந்தம் இல்லாம இல்ல சார். உங்க சம்பந்திதான் அதோட முதலாளி."

இடதுடீன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். வலதுடீன் அதைப் பார்த்துத் தன் பாட்டிலையும் திருகினார். துணைவேந்தரின் மென்மைக் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"மேடம், தனிப்பட்ட விஷயங்கள இந்த மேசைக்குக் கொண்டு வராம இருக்கறது நல்லது. அப்படிப் பார்த்தா உங்க தங்கச்சிகூட அங்கதான் படிக்கிறாங்க. நான் அதச் சொல்லல பாருங்க."

சொல்லவில்லையாம். சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்கிறார். தங்கை படிக்கிறாள், ஆமாம். தங்கை கட்டணம் கட்டிப் படிக்கிறாள். இவருடைய சம்பந்தி சொற்ப வாடகைக்கு நாற்பது வகுப்பறையைச் சாப்பிடப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றா?

"என் தங்கச்சி படிக்கிறா. அவ கூட ஆயிரத்துக்கு மேல படிக்கிறாங்க. அவங்க பகல்ல எப்படி வருவாங்கன்னு யாராவது ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? வேலைய விட்டுட்டு வரணுமா?"

கொட்டாவி டாக்டர் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார். "ஏத்துக்கலாம், ஏத்துக்கலாம்," என்றார்.

துணைவேந்தர் சிரித்தார். பதிவாளர் பக்கம் திரும்பி, "மேடத்தோட மறுப்ப வழக்கம்போலப் போட்டுக்குங்க. அடுத்த பொருளுக்குப் போகலாம்," என்றார்.

அவள் இன்னும் மறுக்கவே இல்லை. 'என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்' என்று அவள் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் வாய்க்குள் வந்து நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். அவள் பதிவாளரைப் பார்த்தாள். அவர் எதையும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அவர் முன்னால் கூட்ட அறிக்கை ஏற்கெனவே அச்சடித்துக் கிடந்தது. ஒன்பதாவது பொருளுக்குக் கீழே, விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது என்று இருந்தது. அதற்கும் கீழே, உறுப்பினர் ஒருவர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார் என்று இருந்தது.

அவள் காரில் ஏறுவதற்கு முன்பே, தங்கை டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோதே, அவளுடைய மறுப்பைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் அவள் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் இவர்களுக்கு ஒரு அச்சு வாக்கியம். அறிக்கை வெறுமனே தலையாட்டிகளின் அறிக்கையாகத் தெரியக்கூடாதே, அதற்கு ஒரு பொட்டு வைக்க அவள்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அது பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் அதை நிமிர்த்தவில்லை.

"நான் கிளம்பறேன்," என்றாள். "இதுக்கெல்லாம் நான் எதுக்கு? நீங்களே எனக்காகவும் பேசிக்கிறீங்க."

அவளுக்கு அதில் எந்தத் திட்டமும் இல்லை. வெறும் கோபம். தோற்றுப்போய்ப் போகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தாள். வெளியே வந்ததும் கண்ணில் நீர் முட்டியது. தங்கையிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. லிஃப்டுக்குக் காத்திருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று படிக்கட்டுப் பக்கம் போனாள். இரண்டு மாடி இறங்கியிருப்பாள். மேலே செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. பதிவாளர் ஓடிவந்தார். பதிவாளர் ஓடி அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் வருகைப் பதிவேடு, ஒரு கையில் பேனா. வேர்த்து வழிந்தது.

அந்தக் குழுவில் கையெழுத்து வாங்குவது எப்போதும் கடைசியில், டீ வரும்போதுதான். வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் டீ வரை இருப்பார்கள் என்ற நம்பிக்கை.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "கோபம் நியாயம்தான். நான் மறுக்கல. இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. வந்ததுக்கு."

அவள் பேனாவை வாங்கினாள். பழக்கம். மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகச் செய்துவிடுகிற பாழாய்ப்போன பழக்கம். மூடியைக் கழற்றினாள்.

"உங்க மறுப்பையும் முழுசா சேர்த்துக்கலாம் மேடம். ஒரு வரி இல்ல. நீங்க எத்தன பக்கம் எழுதிக் குடுத்தாலும் அப்படியே இணைப்பாப் போட்டுடறேன்."

அவளுடைய கை நின்றது. இரண்டு வருஷமாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். விதியில் இடம் இல்லை மேடம் என்று ஒவ்வொரு முறையும் கையை விரித்த மனிதர், இன்றைக்கு எத்தனை பக்கம் என்றாலும் என்கிறார்.

"எதுக்கு சார் இப்படி ஓடி வர்றீங்க?" என்றாள்.

"நீங்க எங்களுக்கு முக்கியம் மேடம்."

"ஏன் முக்கியம்?"

பதிவாளர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். பொய் சொல்வதற்குக்கூட மூச்சு போதவில்லை போலிருந்தது. அவள் மேலே விட்டுவிட்டு வந்த மேசையை மனதுக்குள் ஒருமுறை சுற்றிவந்தாள். துணைவேந்தர். இடதுடீன். வலதுடீன். கொட்டாவி. முதல்வர். அதோடு முடிந்துவிட்டது. பதினொரு பேர் கொண்ட குழுவுக்குப் பாதிக்கு மேல் ஆள் வேண்டும். ஆறு பேர் இருந்தால்தான் கூட்டம் கூட்டம். இல்லாவிட்டால் அது ஐந்து பேர் ஏசியில் உட்கார்ந்து டீ குடிப்பது, அவ்வளவுதான். அதற்கு அலுவலக மொழியில் கோரம் என்று பெயர்.

ஆறாவது ஆள் அவள்.

கார் எதற்கு வந்தது என்று புரிந்தது. தலையணை எதற்கு வந்தது என்று புரிந்தது. அவள் போய் உட்கார்ந்ததால்தான் கட்டணம் ஏறியது. அவள் போய் உட்கார்ந்ததால்தான் மருத்துவமனைக்குப் பூட்டு விழுந்தது. காய்ச்சலோடு போய் அவள் கம்மின குரலில் மறுத்த அன்றைக்குத்தான் காவல்காரர்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். போர்த்திக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் அவர்கள் வேலை அவர்களிடம் இருந்திருக்கும். வரலாறு சொல்லிக் கொடுக்கிறவளுக்கு ஆறு வரை எண்ணத் தெரியவில்லை. அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அதைவிட அதிகமாக, எதிரே நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த மரியாதைக்கார மனிதரின்மேல்.

"கோரம் இல்ல. அதானே சார்?"

பதிவாளர் படிக்கட்டில் மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், வெளிப்படையாவே பேசிடறேன். நீங்க போனா மட்டும் இது நிக்கப்போறது இல்ல. துணைவேந்தருக்கு அவசர அதிகாரம் இருக்கு. அவரே உத்தரவு போட்டுடுவார்."

"போடட்டுமே. அவ்ளோ அதிகாரம் இருந்தா எதுக்கு சார் என் பின்னாடி மூச்சு வாங்க ஓடி வர்றீங்க? தனியா அவர் பேர்ல போடச் சொல்லுங்க. என் சம்பந்திக்கு நான் குடுத்தேன்னு அவர் கையால எழுதட்டும்."

"மூணு கூட்டம் தொடர்ந்து வரலைன்னா உங்க உறுப்பினர் பதவி போயிடும்."

"போகட்டும். அத வெச்சு நான் என்ன கிழிச்சேன்?"

அவர் கைப்பிடிச் சுவரில் பதிவேட்டை வைத்துவிட்டு, ஒரு உறவுக்காரர் பேசுவதுபோல் பேசத் தொடங்கினார்.

"உங்க தங்கச்சி விஷயம் எனக்குத் தெரியும் மேடம். கஷ்டப்பட்டுப் படிக்கிறாங்க. அவங்கள மட்டும் தொலைநிலைப் படிப்புக்கு மாத்திடலாம். வகுப்புக்கே வரவேண்டாம். பரீட்சை மட்டும் வந்து எழுதட்டும். நானே முன்னால நின்னு முடிச்சுத் தர்றேன். அடுத்த வருஷம் பட்டம் கையில. இல்லைன்னா பாருங்க, அவங்களுக்கு வருகை கொஞ்சம் கம்மியா இருக்கு. ஆஸ்பத்திரி டியூட்டின்னு நமக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது இல்லையா? பரீட்சை எழுத விடலைன்னா நாளைக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் பாதி லஞ்சம், இரண்டாம் பாதி மிரட்டல். இரண்டுக்கும் நடுவில் அவர் மூச்சுக்கூட விடவில்லை.

வேறு எதை வைத்து மடக்கினாலும் அவள் மசிந்திருக்கமாட்டாள். ஆனால் தங்கையின் படிப்பு அவளுக்கு வெறும் படிப்பு இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டில் இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிற்க வேண்டியிருந்தது. தங்கை நின்றாள். அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுக்கொண்டே அவள் வளர்ந்தாள். அக்கா காலேஜுக்குப் போனாள், அதற்கு மேலும் படித்தாள், டாக்டர் பட்டம் வாங்கினாள். தங்கச்சி எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று அவள் யாரிடம் சொன்னாலும் குரல் உடையும். இந்தப் பேனாவால் ஒரு கிறுக்கு கிறுக்கினால் போதும், அந்தப் பழைய பாரம் இறங்கிவிடும்.

கிறுக்கினால் ஆயிரம் பேருக்குக் கதவு சாத்தப்படும். அவர்களில் ஒருத்தி மட்டும் பின்வாசல் வழியாக வெளியே வருவாள்.

அவள் பேனாவை மூடினாள். பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"விதிக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே சார். விதி எனக்குத் தெரியும். கூட்டம் நடந்ததுன்னு எழுதினீங்கன்னா, நான் இல்லாம நடந்துச்சுன்னு நான் வாசல்ல நின்னு கத்துவேன். மறுப்புக் குறிப்பெல்லாம் எழுத மாட்டேன். கத்துவேன்."

"மேடம், உங்க தங்கச்சிய நினைச்சுப் பாருங்க."

"அவ பேர உங்க வாயால எடுக்காதீங்க."

கீழே வாசலில் கார் நின்றிருந்தது. டிரைவர் கதவைத் திறந்தார். அவள் அவரைத் தாண்டி நடந்து, ரோட்டுக்கு வந்து, நெரிசலான ஒரு பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் பாதி, சந்தோஷம் பாதி. இவ்வளவு நாளில் முதல் தடவையாக எதையோ உண்மையிலேயே நிறுத்தியிருக்கிறாள்.

மாலைநேரக் கல்லூரிக் கட்டிடத்தில் அப்போதுதான் விளக்குகள் போட்டிருந்தார்கள். சீருடை மாற்றாமலே வந்தவர்கள் வராந்தாக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கை வகுப்பு வாசலில் சுவரோடு இடுப்பை அழுத்தி நின்றபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"மூடிட்டாங்களா?"

"இல்ல. கூட்டமே நடக்கல. நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தியைச் சொன்னாள், முன்கூட்டியே அச்சடித்த மறுப்பைச் சொன்னாள், படிக்கட்டில் ஓடிவந்த பதிவாளரைச் சொன்னாள். "கோரம்னு ஒண்ணு இருக்குடி. ஆறு பேர் இருந்தாத்தான் செல்லும்."

"கோரமா?" தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். "சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க. அங்க நடக்கறதெல்லாம் கோரம்தானே."

அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில் அக்கா மிச்சத்தையும் சொன்னாள். தொலைநிலைப் படிப்பு, பரீட்சை, வருகை. முடியாது என்று பேனாவை மூடிவைத்ததைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. தங்கை பிஸ்கட் பாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"அப்ப நீ கையெழுத்துப் போட்டிருந்தா எனக்குப் பட்டம் உறுதி."

"ஆமா."

"போடல. அதனால என் அட்டெண்டன்ஸ்ல கை வெப்பாங்க."

"வெச்சுப் பாக்கட்டும். நான் விடமாட்டேன்."

"அது கெடக்கட்டும். எனக்கு ஃபோன் பண்ணியா?"

அக்காவுக்குப் புரியவில்லை.

"படிக்கட்டுல பேனாவோட நின்னியே. கையில ஃபோன் இருந்துச்சுல்ல. உன் படிப்ப வெச்சுப் பேரம் பேசறாங்கடி, என்ன சொல்றதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அந்த நேரத்துல எப்படிடி கேக்கறது? ஆயிரம் பேர் விஷயம். யோசிக்கவே நேரம் இல்ல."

"அவங்களுக்கும்தான் நேரம் இல்ல." தங்கை சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு விஷயத்தைச் சொல்கிற குரலில், தெளிவாகச் சொன்னாள். "இந்தக் கட்டிடத்துல இத்தன பேர் இருக்கோம். மூடலாமான்னு எங்கள ஒருத்தரும் கேக்கல. மேல உக்காந்து அவங்களே முடிவு பண்ணாங்க. நீயும் படிக்கட்டுல நின்னு நீயே முடிவு பண்ணிட்டு வந்து என்கிட்ட சொல்ற."

"நான் உங்களுக்காகத்தானே செஞ்சேன்?"

"அவங்களும் அதத்தான் எழுதியிருக்காங்க. மாணவர் நலனுக்காகன்னு."

பின்னால் யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். தங்கை அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு சொல்லிவிட்டாள்.

"அம்மா படுத்தப்பவும் இப்படித்தான். யாரு படிக்கறது, யாரு நிக்கறதுன்னு முன்ரூம்ல நீயும் அப்பாவும் உக்காந்து பேசி முடிச்சீங்க. நான் அடுப்படியிலதான் இருந்தேன். கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். விட்டுக்கொடுத்தா விட்டுக்கொடுத்தான்னு ஊரெல்லாம் சொல்ற. நான் எங்கக்கா விட்டுக்கொடுத்தேன்? என்கிட்ட யாரு கேட்டீங்க?"

அக்கா மெல்லக் கேட்டாள். "இன்னிக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"போடாதன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள் தங்கை. "எனக்கு மட்டும் பின்வாசல் வேணாம். இவங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது? ஆனா அத நான் சொல்லியிருக்கணும்க்கா. நான் சொல்லியிருக்கணும்."

மணி அடித்தது. குழாயடியில் நின்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனார்கள். தங்கையும் பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு உள்ளே போய், பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.